நாற்காலிக்காரி

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது. பாதி உண்மை, பாதி பழக்கம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

உங்கள் ஆபீஸில் செய்யும் பேய் விளையாட்டைப் போட்டு நீ அனுப்பிய பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவின் மருமகன் வந்து டிவியோடு இணைத்துக் கொடுத்தார். கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினார். நான் அதைச் சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறேனாம்.

இதை ஏன் எனக்கு அனுப்பினாய் என்று முதலில் குழம்பினேன். 'எங்க ஆபீஸ்ல யாருக்கும் இப்ப பயமே வரமாட்டேங்குதுப்பா, எல்லாருக்கும் பழகிப்போச்சு. எந்த இடத்துல பயந்தீங்க, எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதி அனுப்புங்க. இதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல' என்று நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் என்னைக் கேலிக்கு ஆளாக்கிய பயத்துக்கு இந்த வயதில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கொடுத்தவள் பெற்ற மகள். செய்துவிடுகிறேன்.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அம்மா எப்போதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபடப் பேச எனக்கு நா எழுவதில்லை. கடிதம் என்றால் அவள் தலையணையில் சாய்ந்திருக்கும்போது எழுதிக்கொள்ளலாம். நீ இந்த எழுத்தைப் பொறுமையாகப் படிப்பாயா என்று சந்தேகம் இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மூழ்கிய பள்ளிக்கூடம். இடுப்பளவு தண்ணீர், மிதக்கும் பெஞ்சுகள், கரும்பலகையில் பாதி அழிந்த ஒரு கணக்கு. அதுவரை சமாளித்தேன். கணக்கில் பிழை இருப்பதைக்கூடக் கவனித்தேன். பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் பெயர்களைக் கூப்பிட ஆரம்பிக்கிறது. பதில் வராத ஒவ்வொரு பெயருக்கும் தண்ணீர் கொஞ்சம் ஏறுகிறது. பொத்தானை அழுத்தினால் உன் கதாநாயகி 'உள்ளேன்' என்கிறாள். சரி, எல்லாப் பெயருக்கும் அழுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லாத ஒருவருக்காக 'உள்ளேன்' சொன்னால் அவர் வந்துவிடுகிறார். கடைசி பெஞ்சில். தண்ணீருக்குள்ளிருந்து.

நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். 'ஐயா, அது பெட்டிக்குள்ள இருக்கு. நீங்க கத்தற கத்தலுக்கு அதுவே பயந்து தண்ணிக்குள்ள போயிடும்' என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்காகக் கத்தல் நிற்கவில்லை.

உன் அம்மா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, அவள் கையைத் தூக்கி 'உள்ளேன் டீச்சர்' என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள். பட்டியல் முடிந்த பிறகும் கை இறங்கவில்லை. யாராவது பார்த்து உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருப்பதுபோல் இருந்தாள். நான்தான் எழுந்து போய் அந்தக் கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்தேன்.

இந்த இடத்தைப் பற்றி என் முடிவு: பயம் போதுமான அளவு இருக்கிறது. யாருக்கு 'உள்ளேன்' சொல்லலாம், யாருக்குக் கூடாது என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் குழுப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பல தடவை முழுகிய பிறகே புரிந்தது. என்னைவிடச் சூட்டிகையானவர்களுக்குச் சீக்கிரம் புரியும். மாற்ற வேண்டாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இங்கே எனக்கு ஒரு புகார் உண்டு. வேலைக் காலம் முழுவதும் பிறர் போட்ட கட்டட வரைபடங்களைச் சரிபார்த்தவன் என்பதால் சொல்கிறேன், மன்னித்துக்கொள். மூன்று மாடி ஆஸ்பத்திரிக்கு ஒரே வாசலா? படிக்கட்டில் கைப்பிடி எங்கே? இந்த வரைபடம் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். பேய் வருவதற்கு வெகு முன்பே அந்தப் படிக்கட்டில் சுவரை ஒட்டி ஒட்டித்தான் ஏறினேன்.

நடக்க நடக்கப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. சக்கர நாற்காலி ஒன்று உருண்டு வரும் சத்தம் கேட்கிறது. கண்ணை முன்னால் வைத்துக்கொண்டு நடந்தால் தப்பிக்கலாம், ஒரு கணம் தவறினால் முடிந்தது. இந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை, நர்ஸம்மாதான் தாண்டிக் கொடுத்தார். அவருக்கு இதில் நல்ல கை. எனக்கு முடியாமல் போனதற்கு உன் விளையாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா எழுந்து எங்கேயாவது போகிறாளா என்று அடிக்கொரு தடவை திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது. டிவியைவிட்டுக் கண் எடுத்த அந்த நொடியில் நாற்காலி வந்து மோதிவிடுகிறது.

வீட்டுச் செய்தி. வாசல் கதவில் மேலே, எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று. அம்மா இரண்டு நாள் அதை அண்ணாந்து பார்த்தாள். சாப்பாடு பரவாயில்லை. டாக்டர் இந்த முறை மருந்து எதையும் மாற்றவில்லை. மாற்றாததுதான் செய்தி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு வெளியானதும் வருவதாகச் சொன்னாய். வேலை என்று இருந்தால் அப்படித்தான். நர்ஸம்மாதான் வாய் சும்மா இல்லாமல், 'அம்மாவுக்கு மகளை இன்னும் நல்லாத் தெரியுது. இப்பவே வரச்சொல்லுங்க ஐயா. எல்லாம் மறந்துபோனப்புறம் வந்து யாரைப் பாக்கப் போறாங்க' என்கிறார். அவர் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உனக்கு எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா


வெள்ளிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

என் முதல் கடிதம் ஒரு வாரத்தில் கிடைத்ததாகவும் உன் ஆபீஸில் எல்லாருக்கும் படித்துக் காட்டியதாகவும் போனில் சொன்னாய். ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கப் போவதில்லை என்றும் சொன்னாய். உன் இஷ்டம். யாராவது விழுந்தால் என்னைக் கேட்காதே.

வெளியாகும் நாள் இன்னும் தள்ளிப்போகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னாய். நான் 'சரிம்மா' என்றேன். வேறு என்ன சொல்வது என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

இப்போது அந்த நகரும் வீடு. இதுதான் நீ தனியாக உட்கார்ந்து செய்தது, மற்ற இடங்களில் பலர் கை இருக்கிறது என்று சொன்னாய். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். மற்ற இடங்களில் பயமுறுத்த ஏதோ ஒன்று ஓடிவருகிறது. இங்கே எதுவும் வருவதில்லை. நாம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறோம், திரும்பி வந்தால் பழைய அறை இல்லை. அலமாரி இருந்த இடத்தில் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கூடம். கூடத்தில் நாம் சற்று முன் கழற்றி வைத்த செருப்பு, சுவரில், தலைகீழாக.

வழக்கம்போல் கிராஃப் தாளை எடுத்து வரைபடம் போட உட்கார்ந்தேன். அறைகளின் நீள அகலத்தைக் கூட்டினால் வெளிச்சுவரைவிட உள்ளே அதிகம் வருகிறது. மறுபடி அளந்தேன். இன்னும் அதிகமாயிற்று. மூன்றாவது தாளை நர்ஸம்மா பிடுங்கிக்கொண்டார். 'ஐயா, நீங்க பிளான் போடப் போட அது நகருது. அதுக்கு உங்களைக் கண்டா ஆகலபோல' என்றார்.

இந்த வீட்டில் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே அறைக்குத்தான் வருகிறோம். அங்கே ஒரு பெண் நாற்காலியில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து முக்காலியில் ஒரு விளக்கு எரிகிறது. அசைவு இல்லை, பேச்சு இல்லை. மூச்சு விடுவது மட்டும் தோளில் தெரிகிறது. நர்ஸம்மா அவளுக்கு நாற்காலிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். 'அந்த ஆஸ்பத்திரிப் பல்லுக்காரப் பேய்கூடப் பரவாயில்லை ஐயா, இந்த நாற்காலிக்காரியைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு' என்றார். ஆஸ்பத்திரியைச் சிரித்துக்கொண்டே தாண்டியவர் சொன்னது, குறித்துக்கொள்.

நான் அவளைக் கண்டதும் ஓடினேன். ஓட ஓட வீடு சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அவள் முதுகுக்கே கொண்டுபோய் விட்டது. இரண்டு மூன்று நாள் இப்படியே கழிந்தது. நேற்று முற்பகல் விட்டுவிடலாம் என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன். அப்போது அம்மா என் முழங்கையைத் தொட்டாள். 'யாருங்க அவங்க? வந்து ரொம்ப நேரமாச்சு போலிருக்கே. யாரும் ஒண்ணும் கேக்கலையா?' என்றாள்.

பேய் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர்தான் என்றேன். 'தெரிஞ்சவங்களை இப்படியா தனியா உக்காத்தி வைப்பாங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க' என்றாள்.

உன் கதாநாயகி களைப்பாறுவதற்கு என்று உட்காரும் பொத்தான் ஒன்று வைத்திருக்கிறாய் அல்லவா, அதை அழுத்தினேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வீடு நின்றுவிட்டது. எங்கேயோ அறைகள் இழுபடும் அந்தக் கரகரப்பு ஓய்ந்து, தண்ணீர் சொட்டுவதும் அந்தப் பெண்ணின் மூச்சும் மட்டும் கேட்டன. கதவு எதுவும் திறக்கவில்லை. பரிசும் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் டிவிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நர்ஸம்மா சோற்றை வடிக்க மறந்து, அது குழைந்தேபோனது. இந்த விளையாட்டில் எனக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்தது அந்த நேரம் மட்டும்தான். இதுதான் நீ நினைத்த விடையா, இல்லை நாங்கள் ஒரு கோளாறுக்குள் போய் உட்கார்ந்துவிட்டோமா என்று எனக்குத் தெரியவில்லை.

கோளாறு என்றதும் நினைவு வந்தது. ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். எழுந்து அந்தப் பெண்ணைச் சுற்றி வந்தேன், முகத்தைப் பார்க்கலாம் என்று. நான் சுற்றச் சுற்ற நாற்காலியும் சுற்றுகிறது. எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான். மற்ற எல்லாவற்றுக்கும் முகம் வைத்திருக்கிறாய், பல், ஈறு உட்பட. இவளுக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வெளியாவதற்குள் பார்த்துச் சரிசெய்துவிடு.

நர்ஸம்மா, 'முதுகைப் பாத்தா நம்ம அம்மா மாதிரியே இருக்கு' என்றார். முதுகு என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

அம்மா இப்போது குளிக்கத் தண்ணீர் மேலே பட்டால் பயப்படுகிறாள். துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறோம். நேற்று தலை வாரிவிட்டபோது, 'எதுக்குங்க உங்களுக்கு சிரமம்' என்றாள். சிரமமில்லை என்றேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. உன் ஊரில் குளிர் என்று போட்டிருந்தார்கள். காதை மூடிக்கொண்டு போ.

ஆசிகளுடன்,
அப்பா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதன்கிழமை நீ பேசியதிலிருந்து இதை எழுதவேண்டும் என்று இருந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உட்கார்ந்ததைக் கேட்டு நீ சிரித்தாய். அதில் விடை எதுவும் இல்லை, நாம் அசைந்தால்தான் வீடு அசையும், அசையாததால் நின்றது, அவ்வளவுதான் என்றாய். சரியான வழியையும் சொன்னாய். 'முக்காலியில இருக்கற விளக்கை எடுத்துக்கணும்பா. அந்த வெளிச்சத்துலதான் கதவு தெரியும். எடுத்தா அவங்க இருட்டுல இருப்பாங்க. அவங்களை அப்படியே விட்டுட்டுத்தான் போகணும். வேற வழி கிடையாது.'

நீ சொன்னபடி செய்து பார்க்க மறுநாள் உட்கார்ந்தேன். விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எடுக்கும் பொத்தான் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். விரல் போகவில்லை. நர்ஸம்மாவிடம் கன்ட்ரோலரை நீட்டினேன். அவரும் வாங்கி வைத்துக்கொண்டு, 'அடுப்புல வேலை இருக்கு ஐயா' என்று எழுந்து போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆகவே இந்த இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி என்னால் அறிக்கை தர இயலாது. வேறு பயந்தாங்கொள்ளி யாரையாவது பார்த்துக்கொள். உன் விளையாட்டிலேயே கடினமான இடம் இதுதான் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

முகத்தைப் பற்றியும் கேட்டேன். 'மறக்கலப்பா. வெச்சுப் பாத்தேன், எந்த முகமும் வரல' என்றாய். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். புதன்கிழமை உங்கள் ஊரில் அப்போது விடியற்காலை. அந்த நேரத்தில் யாருக்கு மீட்டிங் என்று நான் கேட்கப்போவதில்லை.

பயத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், பாப்பா. வேறு எதைப் பற்றியும் இந்த அளவு தெரியாது. வேலை இருக்கிறது, அதனால் வர முடியவில்லை என்று நீ சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன். பயப்படுகிறவனுக்கு வேலை எப்போதுமே வந்து சேரும். எனக்கும் அப்படித்தான். வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, படிக்கட்டு என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். இந்தக் குணம் உனக்கு என் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அம்மா எதற்கும் பயப்படாதவள்.

இனி மற்ற விஷயம்.

திங்கட்கிழமை மருந்து வாங்கப் போயிருந்தேன். வர வெயிலேறிவிட்டது. கதவைத் திறந்தது நர்ஸம்மா. அம்மா சோபாவிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, 'வாங்க வாங்க, உக்காருங்க' என்றாள். உட்கார்ந்தேன். 'தண்ணி குடிக்கிறீங்களா' என்றாள். குடித்தேன். பிறகு, 'அவரு மருந்துக் கடைக்குப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. செத்த இருங்க' என்றாள்.

இருந்தேன். வேறு என்ன செய்ய? அவளோடு சேர்ந்து நானும் எனக்காகக் காத்திருந்தேன். அவள் நடுவில் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்து, 'எங்கயும் நேரமாக்க மாட்டாரு, பயந்த சுபாவம்' என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

வாய் பழக்கத்தில், 'நீ சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. 'என்னங்க இது, முன்னப்பின்ன தெரியாத பொம்பளையை நீ வா போன்னு பேசறீங்க' என்றாள். மன்னிப்புக் கேட்டேன். 'நீங்க சாப்பிட்டீங்களா' என்று திருத்திக் கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வதற்கு ஒன்றும் கடினமாக இல்லை. நினைத்திருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் மறுபடி நான் அவளுக்குக் கணவன் ஆகிவிட்டேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று அவளே வந்து சரிசெய்துவிட்டாள். மறுநாள் எப்படியென்று சொல்ல முடியவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அவள் என்னை என்றைக்குமே 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். 'வாங்க', 'உக்காருங்க', 'சாப்பிடுங்க', 'எதுக்குங்க சிரமம்'. வீட்டுக்கு வந்த அந்நியரிடம் பேசினாலும் அதே சொற்கள்தான். கட்டிய கணவனுக்கும் கதவைத் தட்டியவருக்கும் நம் பேச்சில் ஒரே மரியாதை. அவள் என்னை மறந்த நாள் எது என்று அவள் வாயிலிருந்து எனக்குத் தெரிய வழியே இல்லை. மாதக்கணக்காக அந்த 'வாங்க'வைக் கேட்டு, பரவாயில்லை, என்னை மட்டும் வைத்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். தலை வாரிவிட்டபோது சிரமம் எதற்கு என்று கேட்டாளே, அது யாரிடம் கேட்டது? நாற்காலிக்காரிக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாளே, அன்றைக்கு அவள் பக்கத்தில் இருந்தது யார்? ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்க்கிறேன். எனக்காகச் சொன்ன கடைசி 'வாங்க' எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எதையும் ஒழுங்காகச் சரிபார்க்கிறவன் என்று பெயர் எடுத்தவன்.

இதை உன்னை வருத்தப்படுத்த எழுதவில்லை. அந்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்களாகவே இருந்தன. தெரியாமல் இருந்ததால் நன்றாக இருந்தன. உனக்கு அந்தச் சலுகை கிடையாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன்னை அவள் என்றைக்கும் 'வாடி' என்றுதான் சொல்லியிருக்கிறாள். கோபம் வந்தாலும் 'போடி', கொஞ்சினாலும் 'போடி'. நீ படித்துப் பட்டம் வாங்கி வந்த அன்றும், பெரிய மனிதர்கள் கூடியிருந்த கூடத்தில், 'இங்க வாடி' என்றுதான் கூப்பிட்டாள், நீ முகத்தைச் சுளித்தாய். என்றைக்கு அவள் உன்னைப் பார்த்து 'வாங்க' என்கிறாளோ, அன்றைக்கு வாசற்படியிலேயே, கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

புதன்கிழமை போனை அவள் காதில் வைத்தபோது, 'சாப்பிட்டியாடி? குரல் ஏன்டி கம்மியிருக்கு?' என்றாள். நீ கேட்டாயோ இல்லையோ, நான் கேட்டேன். அந்த 'டி' இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வா, பாப்பா. இதை நானே கேட்கிறேன். விளையாட்டு வெளியாகட்டும், ஆகாமல் போகட்டும். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே கிளம்பு.

நீ வருவதற்குள் அவள் மறதியின் அந்தப் பக்கம் போய்விட்டால், வாசலில் நின்று 'என்னைத் தெரியலையாம்மா' என்று கேட்காதே. இந்த வாரம் நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், பதில் தெரியாத கேள்வியை வாத்தியார் கேட்டதுபோல் பதறிப்போய்விட்டாள். அவள் 'வாங்க' என்றால், 'வரேங்க' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வா. பக்கத்தில் உட்கார். தண்ணீர் கொடுப்பாள், குடி. ஊரைப் பற்றி, பிரயாணத்தைப் பற்றி விசாரிப்பாள், பதில் சொல். முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் பேசுவாள். அதைப் பார்க்க நீ பயப்படுவாய், தெரியும். நானும் பயந்துகொண்டுதான் தினமும் பார்க்கிறேன். பழகாது. ஆனால் பார்க்க முடிகிறது.

கடிதத்தை முடிக்கும் முன் அவளிடமும் கேட்டு எழுதலாம் என்று இப்போது போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். 'உங்க பொண்ணுக்கு எழுதிட்டிருக்கேன், ஏதாவது சொல்லணுமா' என்று கேட்டேன். 'அவளுக்கு எதுக்குங்க லெட்டரு? ஸ்கூல் விட்டு இப்ப வந்துடுவா. நீங்க இருந்து அவளைப் பாத்துட்டுப் போங்க' என்றாள்.

இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா